சீமெந்து மாடும் கச்சான் சரையும்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், செங்கல்பட்டு தாண்டியதும், வாசலில் மாடு நிற்கும் கோப்பிக்கடைகள் வரத் தொடங்கும். மாடு சீமெந்தால் ஆனது. பக்கத்தில் வார்னிஷ் பூசிய பழைய மாட்டுவண்டி ஒன்று, இனி எங்கும் போகத் தேவையில்லாமல் நிற்கும். கூரைக்குக் கீற்று, கைகழுவும் இடத்தில் பித்தளை அண்டா, கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் போத்தல்களில் தேன் மிட்டாய், கமர்கட்டு, சவ்வு மிட்டாய். பெயர்ப்பலகையில் பெரும்பாலும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று இருக்கும். கும்பகோணம் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். ஒருவர் தன் கடைக்குச் சென்னையிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்பதையே பெயராக வைத்துவிட்டார். இன்னொருவர் கடைக்குப் பின்னால் முயலும் வாத்தும் வளர்க்கிறார். பிள்ளைகள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, தகப்பன் இரண்டாவது கோப்பி வாங்குகிறார்.

இந்த வேடிக்கைக்குக் காரணம் அந்தச் சாலைதான். அது ஊர்களை விலக்கிக்கொண்டு போகிறது. திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் எல்லாவற்றுக்கும் புறவழி. ஊருக்குள் நுழையாமலே திருச்சிக்குப் போய்விடலாம். அப்படி ஊரைச் சுற்றிப் போன சாலையின் ஓரத்தில், விட்டுவிட்டு வந்த ஊரையே சீமெந்திலும் கீற்றிலும் செய்து வைத்திருக்கிறார்கள். நிஜமான மாடு அரைக் கிலோமீட்டர் உள்ளே மேய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்க யாரும் காரைத் திருப்புவதில்லை.

வேகத்தின் கணக்கு எளிது. நான்குவழிச் சாலையில் காருக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதி. அந்த வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறது. கடையைக் கண்டு, மனைவியைக் கேட்டு, கண்ணாடியில் பின்னால் வரும் லொறியைப் பார்த்து, இடது பக்கம் ஒதுங்கி நிறுத்த வேண்டுமானால், கடை அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். சாதாரணத் தேநீர்க்கடை அந்தத் தூரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி. ஆனபடியால்தான் மாடு, சில்லு, ராட்சதக் கோப்பித் தம்ளர். நடுவில் தடுப்புச் சுவர் இருப்பதால் எதிர்ப்பக்கத்துக் கடை வேறொரு நாட்டில் இருப்பது மாதிரி. போகும்போது பார்த்து வைத்த கடைக்குத் திரும்பி வரும்போது போகமுடியாது.

இலங்கையின் ஏ9 வீதியில், வன்னிக்குள், கிளிநொச்சிக்குத் தெற்கே இருக்கிற முறிகண்டியில் இந்த வித்தைகள் ஒன்றும் கிடையாது. அங்கே வீதியோரம் ஒரு சிறிய பிள்ளையார் கோயில். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 320 கிலோமீட்டர் நீளும் அந்த வீதியில் போகிற எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போவது வழக்கமில்லை. பஸ் நிற்கும், வான் நிற்கும், சீமெந்து ஏற்றிய லொறி நிற்கும், கல்யாண வீட்டுக்குப் போகும் கார் நிற்கும். சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார், அல்லது தேங்காய் உடைப்பார், அவசரமென்றால் உண்டியலில் காசு போட்டு நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு ஓடி வருவார். காட்டு வீதி, யானை கடக்கும் வீதி. யானைமுகனிடம் சொல்லிவிட்டுப் போவது புத்திசாலித்தனம் என்று யாரோ ஒரு காலத்தில் நினைத்திருக்க வேண்டும். அது பிறகு எல்லோருடைய பழக்கமும் ஆகிவிட்டது. சிங்களச் சாரதிகளும் நிறுத்துகிறார்கள். முஸ்லிம் வியாபாரியின் லொறியும் நிற்கும், ஏனென்றால் உதவியாளன் இறங்கிவிடுவான்.

கோயிலைச் சுற்றிக் கச்சான், அதாவது நிலக்கடலை, விற்கும் கடைகள். எல்லாம் ஒரே மாதிரி: மேசை, அதன்மேல் கோபுரமாகக் குவித்த வறுத்த கச்சான், பின்னால் தாச்சியில் சூடான மணல், அகப்பையோடு ஒரு பெண். கடைக்குக் கடை வித்தியாசம் சொல்லக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. “அண்ணை, சாப்பிட்டுப் பாருங்கோ, இப்ப இறக்கினது” என்று கையில் நாலு கச்சானைத் திணிப்பார்கள். நாலு கடையைக் கடந்தால் ஒரு கடதாசிச் சரைக்கு உரிய கச்சான் இலவசமாகவே கிடைத்துவிடும். வெட்கப்பட்டு ஐந்தாவது கடையில் வாங்குவோம். அந்த ஐந்தாவது கடைக்காரிக்குத் தான் செய்யாத உபசாரத்துக்கும் சேர்த்துக் காசு கிடைக்கிறது. அடுத்த பஸ்ஸில் அவளுடைய கச்சானைத் தின்றவன் வேறொருத்தியிடம் வாங்குவான். கணக்கு எங்கோ நேராகிவிடுகிறது போல.

தமிழ்நாட்டில் கடை வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது. முறிகண்டியில் வண்டி ஏற்கெனவே நின்றுவிட்டது. கடை பிறகுதான் வந்தது. இரண்டு பக்கத்துக் கடைகளின் முகமும் குணமும் வேறுபடுவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். நிறுத்த வேண்டிய கடைக்கு விசித்திரம் தேவை. நின்ற வண்டிக்கு விற்கும் கடைக்கு விசித்திரம் வீண்செலவு. அங்கே விசித்திரம் கடையில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது: ஆளரவமற்ற காட்டு வீதியில், நள்ளிரவு இரண்டு மணிக்கு, தூங்கிக்கொண்டிருந்த ஐம்பது பேர் எழுந்து இறங்கிக் கச்சான் வாங்குகிறார்கள்.

இதை ஈழத்துப் பக்தியின் பெருமையாக எழுதிவிட்டுப் போகலாம். அது சரியாக இராது. கொழும்பு–காலி வீதியில் களுத்துறைப் பாலத்தடியில் இருக்கும் போதிமரத்தடியிலும் இதே கதைதான். பஸ் மெதுவாகும், நடத்துநர் குதித்து உண்டியலில் சில்லறை போடுவார், பயணிகள் சன்னல் வழியே கைகூப்புவார்கள். இந்தியாவிலும் இல்லாமல் இல்லை. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில், ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் இசக்கியம்மன் இருக்கிறாள். லொறிக்காரர்கள் அவளைத் தாண்டிச் சும்மா போகமாட்டார்கள். ராஜஸ்தானில் பாலிக்குப் பக்கத்தில் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளே சாமியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. அந்த நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அதற்கு மாலை போட்டுவிட்டுப் போகிறார்கள், சுற்றிலும் பூக்கடையும் தேநீர்க்கடையும் தாபாவும். ஆகவே தேசத்திலும் மதத்திலும் காரணம் தேடவேண்டாம். இருவழிச் சாலையின் குணம் அது. ஏ9இல் காருக்கு மணிக்கு 70தான் அனுமதி. வீதி ஊருக்குள்ளாலேயே போகிறது. மாங்குளமும் பரந்தனும் கொடிகாமமும் வீதியின்மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. நான்குவழியில் சாமி கும்பிடுவதற்கே இடதுபுறச் சேவைச் சாலையைத் தேட வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழியில் நிற்கும் இந்த இரண்டு வழக்கங்களும் ஒரு காலத்தில் ஒரே பாதையில் கிடந்தவை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்த கங்காணிகள், மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்துச் சனங்களைக் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறக்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடை. 200 கிலோமீட்டருக்கு மேல், காடும் காய்ச்சலும் வாந்திபேதியும். எத்தனையோ பேர் பாதி வழியில் விழுந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் நடந்தது சத்திரங்களின் சாலை. மதுரை ராணி மங்கம்மாளும் தஞ்சை மராட்டியரும் ராமேஸ்வர யாத்திரீகருக்காகக் கட்டிய சத்திரங்களில் சோறும் திண்ணையும் கிடைத்தன. இந்தப் பக்கம் அம்பலங்கள் எனப்பட்ட திறந்த மண்டபங்கள், சில கிணறுகள், அவ்வளவுதான். அவர்கள் நடந்த பாதையின் தென்பாதிமேல்தான் இன்றைய ஏ9 ஓடுகிறது. தம்புள்ளையில் குளிரூட்டிய பஸ் நின்று ஐஸ்கிரீம் வாங்கும்போது இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எனக்கும் இதைப் படித்த பிறகுதான் வரத் தொடங்கியது.

யாழ்ப்பாணத்துக்குள் வழிப்போக்கருக்கான ஏற்பாடு வேறு தினுசு: மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல். பருத்தித்துறையில் இன்றைக்கும் தெருமூடிமடம் இருக்கிறது. வீதியே மடத்துக்குள்ளால் போகிறது; இரண்டு பக்கமும் தூண் வைத்த திண்ணை, மேலே கூரை. நிற்கலாமா போகலாமா என்று யோசிக்க அவகாசமே கொடுக்காமல் நிழலைத் தலைக்குமேல் பிடித்துவிடுகிறது. சீமெந்து மாட்டுக்காரருக்கு இந்த யோசனையைச் சொல்ல ஆசைதான், நெடுஞ்சாலைத் துறை விடாது.

வழியில் நிற்பது எப்போதும் விருப்பத்தோடு நடந்ததும் அல்ல. ஏ9 பல வருடம் மூடிக் கிடந்து, 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. திறந்திருந்த அந்த நாலு வருடமும் நிற்கும் இடத்தைச் சாரதி தீர்மானிக்கவில்லை. ஓமந்தையில் இராணுவத்துக்கு, புளியங்குளத்தில் புலிகளுக்கு, முகமாலையில் இருவருக்கும். சாமானை இறக்கி, பிரித்து, வரி கட்டி, மறுபடி கட்டி ஏற்ற வேண்டும். அந்த இடைவெளியில் கிளிநொச்சியில் புலிகளின் ‘பாண்டியன் சுவையூற்று’ உணவகம் நல்ல வியாபாரம் செய்தது. போர் முடிந்து வீதி திறந்ததும் சில வருடங்களுக்கு அதே வீதியோரத்தில் இராணுவத்தினர் சிற்றுண்டிச்சாலை நடத்தினார்கள். சீருடைக்காரர் தேத்தண்ணி ஊற்ற, தெற்கிலிருந்து வந்த பஸ்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் தகரம் மறைத்துக் கடை போட்ட ஊர்ச்சனத்துக்கு அது என்ன மாதிரியான போட்டி என்று சொல்லத் தேவையில்லை. இப்போது அந்த வீதியில் பேர் வாங்கியிருப்பது மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் ‘அம்மாச்சி’ உணவகங்கள். தோசை, குரக்கன் பிட்டு, உழுந்துவடை, இலைக்கஞ்சி. சுவையில் கிளிநொச்சி நெடுஞ்சாலைக் கடைகள் எதையும் விட எனக்குப் பிடித்தது அதுதான். இலங்கையில் வீதியோரக் கடையை நடத்துவது யார் என்று பார்த்தாலே அந்த வருடத்தில் அதிகாரம் யார் கையில் என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் அதை அறியக் கடைக்குப் போகத் தேவையில்லை, சுவரொட்டி போதும்.

அதிகாரம் என்று சொல்லும்போது சாதியை விட்டுவிட்டுப் போகக்கூடாது. வீதியோரத் தேநீர்க்கடை எல்லோருக்குமான இடம் என்று நாம் இன்று சும்மா சொல்லிவிடுகிறோம். 1955இல் இந்தியாவும் 1957இல் இலங்கையும் தீண்டாமையைச் சட்டத்தால் குற்றமாக்கின. தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை வழக்கம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதே 1957இல் பெரியாரின் கட்சி, சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓட்டல் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை எதிர்த்து மாதக்கணக்கில் மறியல் செய்தது. யாழ்ப்பாணத்தில் 1960களின் கடைசியில்தான் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க்கடைக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்து குடிக்கும் உரிமைக்காகச் சனங்கள் அடிவாங்கினார்கள். சாவகச்சேரி ஏ9இல்தான் இருக்கிறது. இன்று அங்கே பஸ் நிற்கிறது, யாரும் யாரையும் கேட்பதில்லை. நெடுஞ்சாலைக் கடை அந்நியர்களின் கடை. ஊர்க்கடை போல அங்கே முகம் பார்த்து ஆளைப் பிரிக்க முடியாது என்பது அதன் பெரிய நன்மை. அந்த நன்மை தானாக வந்ததல்ல.

உள்ளே போய் உட்கார்ந்தபின் நடப்பதும் இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. இலங்கைக் கடையில் நீங்கள் ஒன்றும் சொல்லாமலே ஒரு தட்டு வந்துவிடும். அதில் றோல்ஸ், பற்றிஸ், மாலுபாண், உழுந்துவடை, ஒரு வாழைப்பழம். வேண்டியதை எடுத்துத் தின்னலாம். போகும்போது தட்டில் குறைந்ததை எண்ணிக் காசு வாங்குவார்கள். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். விருந்தாளியை நம்புகிற வழக்கம் என்று வெளிநாட்டுக்காரர் இதைப் புகழ்வார்கள். நான் அந்த மிச்சத்தின் முந்தைய மேசையைப் பற்றி யோசிக்கிறவன், ஆகையால் இஞ்சி போட்ட பிளேன்ரீயோடு நிறுத்திக்கொள்வேன். தமிழ்நாட்டில் கேட்டால்தான் வரும், ஆனால் கேட்டது சுடச்சுட வரும். “சார், உள்ள ஏசி இருக்கு, வாங்க” என்று வாசலிலேயே ஒருவர் நிற்பார். ஏசி அறையில் அதே தோசைக்கு வேறு விலை. கடைசியில் சாப்பாடு என்று பார்த்தால் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைக்கே என் ஓட்டு. ஆம்பூர் பக்கத்துப் பிரியாணிக்கும் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கும் ஏ9இல் பதில் கிடையாது.

பஸ் சாரதியின் சாப்பாடு மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்று. இரவு பஸ் எந்தக் கடையில் நிற்கும் என்பதைப் பயணி தீர்மானிப்பதில்லை; சாரதிக்கும் நடத்துநருக்கும் தனி மேசையில் இலவசமாகக் கோழி வைக்கிற கடை தீர்மானிக்கிறது. விழுப்புரம் பக்கமும் புத்தளம் பக்கமும் இதே நியாயம்தான். அந்தக் கடைகளில் மற்றவர்களுக்குக் கிடைப்பதைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு திசையில் போகும்.

கச்சானுக்குத் திரும்புகிறேன். அதே கடலை தமிழ்நாட்டில் கோவில்பட்டியில் மிட்டாயாகிறது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலை, வெல்லப்பாகு. 2020இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மூன்று வருடம் கழித்து மணப்பாறை முறுக்குக்கும் கிடைத்தது. ஆகவே கோவில்பட்டிக் கடலைமிட்டாயை வாங்க நீங்கள் கோவில்பட்டியில் நிற்கத் தேவையில்லை. சென்னை விமான நிலையத்துக்குப் போகும் வழியில்கூட வாங்கலாம், பொட்டலத்தில் ஊர்ப்பெயர் அச்சடித்திருக்கும். உற்பத்தியாளருக்கு அது நல்லதுதான். முறிகண்டிக் கச்சானுக்கு அந்த வசதி இல்லை. பத்திரிகைக் கடதாசிச் சரையில் சுற்றித் தருவதை வவுனியா போவதற்குள் தின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் நமத்துப்போகும். கொழும்பில் யாரும் முறிகண்டிக் கச்சான் என்று விற்பதில்லை, விற்றாலும் வாங்கமாட்டேன். நமத்துப்போகிற சாமானுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதைத் தின்ன விரும்புகிறவன் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

வந்து நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கர்நாடகத்தில் பார்த்தாயிற்று. பெங்களூர்–மைசூர் பழைய சாலையில் சன்னபட்டணத்து மரப்பொம்மைக் கடைகளும் மத்தூர் வடைக் கடைகளும் பல தலைமுறையாகப் பயணிகளை வைத்துப் பிழைத்தவை. மைசூர் போகிறவன் மத்தூரில் வடை தின்னாமல் போனால் பயணம் கணக்கில் சேராது. 2023 மார்ச்சில் புதிய விரைவுச்சாலை திறந்தது. அது ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர் மூன்றையும் சுற்றிக்கொண்டு போகிறது. சில மாதத்திலேயே கடைக்காரர்கள் வியாபாரம் விழுந்ததைச் சொல்லிப் புலம்பினார்கள். வடையின் ருசி ஒரு துளியும் குறையவில்லை. மூன்று மணி நேரப் பயணம் பாதியாகச் சுருங்கியவனுக்கு நடுவில் பசி எடுக்கவில்லை, அவ்வளவே. சுங்கச்சாவடிகளிலும் சிறிய அளவில் இதுதான். வரிசையில் நின்ற கார்களுக்கிடையே ஓடி வெள்ளரியும் கொய்யாவும் நுங்கும் விற்றவர்களுக்கு அந்த வரிசைதான் சந்தை. 2021 பெப்ரவரியில், சுங்கம் தானாகக் கழியும் பாஸ்டேக் கட்டாயமானதும் வரிசை குறுகியது, விற்கும் நேரமும் குறுகியது. தாமதத்தில் பிழைப்பவன் என்று ஒருவன் இருக்கிறான். சாலை போடுகிற பொறியியலாளரின் கணக்கில் அவனுக்குப் பத்தி இல்லை.

இலங்கையில் 2011இல் கொட்டாவையிலிருந்து காலிக்குத் தெற்கு அதிவேகப் பாதை திறந்தபிறகு, காலிக்கு விரைந்து போகிற கார் களுத்துறைப் போதியைக் காண்பதே இல்லை. அந்தப் பாதையில் நிற்க ஒழுங்கான இடம் வெலிப்பென்ன. கண்ணாடிக் கதவு, வெளிநாட்டுப் பெயர் வைத்த உணவகங்கள், சுத்தமான மலசலகூடம். கடைசியாகச் சொன்னதை நான் கேலியாகச் சொல்லவில்லை. வீதியோரக் கடைகளைப் பற்றி மனம் உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மரத்தடி கிடைத்தால் அவர்களுக்குப் போதும். ஏ9இல் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்கிற பெண்களை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பெற்றோல் பங்குகள் மலசலகூடத்தை இலவசமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. பல பங்குகளில் சாவி முதலாளியிடம் இருக்கும், முதலாளி ஊரில் இருக்கமாட்டார், என்றாலும் விதி என்று ஒன்றைச் சொல்லிச் சண்டை பிடிக்கலாம். சீமெந்து மாட்டுக் கோப்பிக்கடைகளுக்குக் குடும்பங்கள் திரும்பத் திரும்பப் போவதற்கு மாடு காரணமில்லை, உள்ளே இருக்கிற அந்தச் சுத்தமான அறைதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

வடக்குக்கும் அதிவேகப் பாதை வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்கள். வந்தால் முறிகண்டியை விட்டுவிட்டுப் போவீர்களா என்று கொழும்பு பஸ் ஓட்டுகிற ஒருவரைக் கேட்டேன். கச்சானை உடைத்துக்கொண்டே சொன்னார்: “நான் போவன் தம்பி. சனம் விடாது. சனத்துக்குப் பிள்ளையார் பாதி, ஒண்டுக்குப் போறது பாதி.”